எந்தப் பக்கம்

இனுயி நீட்டிய படிவத்தில்
கடைசிக் கட்டம் மட்டும் காலி.
'ஏஸ் ஆவதற்கான சாத்தியம்' என்று
மேலே அச்சடித்திருக்கிறது.
நீதானே கேட்சர், நீயே எழுது என்கிறார்
வேகமானியை உறைக்குள் போட்டபடி.

முரோரானில் இன்று பனி இல்லை, காற்று மட்டும்.
ஆலைப் புகை கடல் பக்கம் சாய்ந்து கிடக்கிறது.
காலை ஷிஃப்டில் எஃகுத் தகடு உருட்டினேன்,
மதியத்திலிருந்து பந்து பிடிக்கிறேன்.
இரண்டுக்கும் இதே கைதான்.

குசுமியைப் பற்றி எழுதுவது சுலபம்.
நூற்று ஐம்பத்து மூன்று.
அந்த எண் விழுந்ததும் வேலிக்கு அப்பால்
பேனாக்கள் திறக்கும் சத்தம் எனக்கே கேட்கும்.
முழங்கால் உயரத்தில் கையுறையை வைப்பேன்.
முதல் பந்து என் காதுக்கு வரும்,
அடுத்தது மண்ணுக்கு,
அதற்கடுத்தது, தெய்வமே, சொல்லிவைத்தாற்போல் கையுறைக்கு.
பார்த்தவர்கள் அந்த மூன்றாவதை மட்டும்
வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

விளையும் பயிர் முளையில் தெரியும் என்பது
விதைக்கடைக்காரன் பேச்சு.
முளையில் எனக்குத் தெரிவது முளைதான்.

தொகாஷி, நூற்று நாற்பத்தொன்று.
கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவன்.
கோணாமல் ஒட்டுவான், அது வேறு விஷயம்.
இல்லை, அதுவும் இதே விஷயம்தான்.

அவனும் தவறவிடுவான்,
ஆனால் விரல் அகலம்.
மெதுவான பந்துக்கும் அவன் தோள்
அதே கோபத்தோடுதான் சுழலும்.
அந்தத் தோளை நம்பிய பேட்டர்
மட்டையை முழுதாக வீசி முடித்து
இனி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கையில்
பந்து சாவகாசமாக வந்து சேரும்,
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் விருந்தாளியாக.

ஜூனில் தொமாகொமாய் அணியோடு ஆட்டம்.
ஷிமோதே என்றொரு இடக்கை பேட்டர்.
முதல் தடவை ஏமாந்தான்.
இரண்டாம் தடவை யோசித்துவிட்டு ஏமாந்தான்.
ஒரே ஆளை மூன்றாம் தடவை சந்திக்கும்போதுதான்
பிட்சரின் பை காலியா என்று தெரியும்.
ஏழாவது இன்னிங்ஸ், முதல் தளத்தில் ஓர் ஓட்டக்காரன்.
உள்பக்கம் கேட்டேன். சைகை என்னுடையது.
பந்து வலப்பக்க வேலியைத் தாண்டி
லாரிகள் நிற்கும் இடத்தில் விழுந்தது.
இரண்டு ரன்.

இனுயி அதற்குள் கிளம்பியிருந்தார்,
நாலு மணி ரயில் அவருக்கு.
அதனால் இதை அவர் பார்க்கவில்லை:
தொகாஷி என்னை முறைக்கவில்லை,
வானத்தைப் பார்க்கவில்லை,
தன் விரல்களைக் குற்றவாளி போலப் பார்க்கவுமில்லை.
புதுப் பந்து வாங்கினான், தேய்த்தான்,
சைகைக்காகக் குனிந்தான்.
அடுத்தவனும் இடக்கைக்காரன்.
எனக்குப் பயம், வெளிப்பக்கம் கேட்டேன்.
தலையை ஆட்டினான்.
மறுபடி கேட்டேன். மறுபடி ஆட்டினான்.
அதே பந்து வேண்டும் அவனுக்கு,
அடிபட்ட அதே இடத்தில்.
போட்டான்.
மட்டை நடுவில் முறிந்தது.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்.

பேருந்தில் எல்லோரும் தூங்கிய பிறகு
முன் இருக்கையிலிருந்து திரும்பிக் கேட்டான்:
"அந்த ஷிமோதே பந்து, இடத்தில் இருந்ததா?"
ஒரு விரல் தள்ளி என்றேன்.
சமாதானம் சொல்லவும் வாயெடுத்தேன்.
அவன் அதற்குக் காத்திருக்கவில்லை.
"எந்தப் பக்கம்?"

குசுமியிடம் இப்படிச் சொன்னால்
தெரியும் தெரியும் என்பான்.
வயது இருபதுதான், அவனுக்கும் ஒருநாள் வரலாம்.
வராமலும் போகலாம்.
அதற்கு வேகமானி இல்லை.

சுட்டுவிரல் வீங்கியிருக்கிறது, பேனா நிற்கவில்லை.
கட்டமோ தபால்தலை அளவு.
பேருந்து, இருட்டு, முறிந்த மட்டை
எதுவும் அதில் கொள்ளாது.
இரண்டே சொல் எழுதி, கேள்விக்குறி போட்டேன்.
இனுயி மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு
எந்தப் பக்கம் என்றால் என்ன, எந்தப் பக்கம் என்கிறார்.

கிடங்குச் சுவரில்
யாரோ பந்தெறியும் சத்தம்.
ஒரே இடத்தில் விழுகிறது.
இல்லை, இந்தத் தடவை கொஞ்சம் இடம்.